துறையிலிருந்து கழற்றிய பிளக்

ஹெஸ்ட்ஓயா தீவில் பத்தொன்பது பழைய மின்சாரக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் நகரத்துக்காரர்கள் பத்து வருடம் ஓட்டிச் சலித்து விற்றவை. தீவுக்குள் சுற்றிவர அவற்றுக்கு மிஞ்சி எதுவும் கிடையாது. நம்சோஸ் நகரத்துக்குப் போவதில்தான் சிக்கல். கார்களை ஏற்றிச் செல்லும் ஃபெரிப் படகில் ஏறி கெல்விக்காத் துறையில் இறங்கினால் அங்கிருந்து எழுபது கிலோமீட்டர். குளிர்காலத்தில் அந்தப் பழைய பேட்டரிகள் எண்பது கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஹீட்டர் போட்டால் அதிலும் பதினைந்து போய்விடும். அதனால் துறையில் இருந்த வேகச் சார்ஜரில் இருபது நிமிடம் நிறுத்தி ஏற்றிக்கொண்டுதான் எல்லோரும் கிளம்புவார்கள். அந்தச் சார்ஜரில் இரண்டு பிளக்குகள். ஒன்று புதிய கார்களுக்கானது, மற்றது பழைய வகை. தீவின் பத்தொன்பது கார்களுக்கும் பழையதுதான் பொருந்தும்.

யோருனிடம் இருந்தது அவற்றில் ஒரு வெள்ளைக் கார். அவளுக்கு அறுபத்தொரு வயது. தீவின் ஒரே கடையில் தபால் கவுண்டரைப் பார்த்துக்கொண்டாள். பழைய மின்கார் சங்கத்துக்கு எட்டு வருடமாகச் செயலாளரும் அவளே. தலைவன் எய்லிஃப். மீன் பண்ணையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தீவில் எந்தக் காரின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தாலும் முதல் ஃபோன் அவனுக்குத்தான் போகும்.

யோருனின் கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது, எய்லிஃபின் மனைவி போய் நான்கு வருடம். வியாழக்கிழமைகளில் கடை மூடியதும் அவன் அவள் வீட்டுக்கு வருவான். மீன் சூப் வைப்பாள். சாப்பிட்டுவிட்டு ஒழுகும் குழாயையோ இறுகிப்போன ஜன்னலையோ சரிசெய்துகொடுப்பான். அதற்கு இருவருமே ஒரு பெயர் வைக்கவில்லை. ஆனால் போன வருடம் யோருன் அவன் காலளவுக்கு ஒரு ஜோடிக் கம்பளிச் செருப்பு வாங்கி வாசலில் வைத்தாள். அவன் வந்தான், பார்த்தான், போட்டுக்கொண்டான். அன்று இரவு அவளுக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் மாதக் கூட்டத்தில் எய்லிஃப் எழுந்து ஒரு விஷயம் சொன்னான். குளிரில் வேகச் சார்ஜ் போடுவதுதான் நம் பேட்டரிகளைத் தின்கிறது. இந்த வருடம் கிறிஸ்துமஸ் வரைக்கும் துறைச் சார்ஜரைத் தொடவேண்டாம். வீட்டில் இரவெல்லாம் மெதுவாக நிறைத்துக்கொண்டு, ஹீட்டரை அணைத்து, அறுபதைத் தாண்டாமல் ஓட்டினால் நகரம் போய்ச் சேரலாம். அங்கே நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் மெதுச் சார்ஜரில் மாட்டிவிட்டு வேலைகளைப் பார்க்கலாம். மூன்று மாதம் செய்து பார்ப்போம், பேட்டரிக்கு இன்னும் நான்கைந்து வருட ஆயுசு கிடைக்கும் என்றான்.

யாருக்கும் அது பிடிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எய்லிஃப் யோருனிடம் வந்து, நீ ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுப் பேசு, உன் பேச்சுக்குத்தான் இவர்கள் மசிவார்கள் என்றான். மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து பதினேழு வீடுகளுக்கு ஃபோன் பேசினாள். கடைசியாக ஹெர்டிஸைக் கூப்பிட்டாள். ஹெர்டிஸுக்கு எழுபத்துநான்கு வயது. அவருடைய கணவர் ஆர்ன்ஃபின் ஞாபகம் மங்கிப்போய் நம்சோஸில் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். புதனும் சனியும் ஹெர்டிஸ் தவறாமல் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார்.

"ஏன்டி, நான் வழியில விறைச்சுச் செத்துட்டா என் பேட்டரி மட்டும் இளமையா இருந்து என்ன பண்ணப் போகுது?" என்றார் ஹெர்டிஸ்.

"மூணு மாசம்தான் ஹெர்டிஸ். எய்லிஃப் காரணம் இல்லாம சொல்லமாட்டான்."

"நீ சொல்றியேன்னு செய்யறேன். அவன் சொன்னான்னு இல்ல."

அந்த இலையுதிர்காலம் முழுக்கத் தீவுக்காரர்கள் மடியில் வெந்நீர்ப் பையும் தோளில் கம்பளியுமாகக் கார் ஓட்டினார்கள். பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போயின. யோருனும் அப்படித்தான் ஓட்டினாள். கண்ணாடியில் படிந்த மூச்சுப்பனியை ஒரு கையால் துடைத்துக்கொண்டே போவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்கிற பெருமை.

நவம்பரில் எய்லிஃபின் பெயருக்குக் கனமான பெட்டிகள் தபாலில் வரத் தொடங்கின. படகுக்குச் சாமான் என்றான். கவுண்டரிலிருந்து அவள்தான் தள்ளுவண்டியில் வைத்து அவன் காருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு அவன் அவளுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தான். பிரித்தால் ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு முழு ரொட்டி நீளம், பிறந்த குழந்தையின் கனம். ஒரு முனையில் புதிய வகைப் பிளக்கைச் செருகலாம், மறுமுனை பழைய காரில் பொருந்தும். இது இருந்தால் எந்தப் புதிய சார்ஜரிலும் உன் கார் மின்சாரம் குடிக்கும் என்றான். இருபத்தேழாம் தேதி இருவரும் துறைக்குப் போய்ச் சோதித்தார்கள். பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு சிமிட்டியது. சார்ஜரும் பெட்டியும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதுபோல அரை நிமிடம் எடுத்துக்கொண்டன. பிறகு காருக்குள் டக்கென்று ஒரு சத்தம். எண்கள் ஏறத் தொடங்கின. யோருன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் அவன் கேட்டுக்கொண்டபடி, ஃபெரிக்குக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் அதைச் செருகிக் காட்டினாள்.

ஜனவரி முதல் வாரத்தில் சார்ஜர் நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. உபயோகம் மிகக் குறைந்துவிட்டதால் கெல்விக்காவில் பழைய வகைப் பிளக் அகற்றப்படும் என்று. பதினாறாம் தேதி இரண்டு பேர் வேனில் வந்து, கேபிளைக் கழற்றிச் சுருட்டி, ஓட்டையை ஒரு சாம்பல் மூடியால் அடைத்துவிட்டுப் போனார்கள்.

அவசரக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எய்லிஃப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்லவேளையாகத் தான் ஒரு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னான். அந்தக் கறுப்புப் பெட்டியை, அதாவது அடாப்டரை, செய்யும் கம்பெனிக்கு இந்த வட்டாரத்தில் அவனே ஏஜென்ட். வேண்டியவர்கள் பெயர் கொடுக்கலாம். பெட்டியைத் தூக்கிச் சுமக்க முடியாதவர்களுக்குக் காரின் முகப்பில் இருக்கும் சாக்கெட்டையே மாற்றிப் புதிய வகையைப் பொருத்திக்கொடுப்பான், தன் படகுக் கொட்டகையில் எல்லாம் தயாராக இருக்கிறது. ஜனங்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவன் இல்லாவிட்டால் நம் கதி என்ன என்றார் ஒருவர். யோருனுக்கும் அதே எண்ணம்தான்.

முதல் சரக்கு ஒன்பது பேருக்குப் போதுமானதாக இருந்தது. ஹெர்டிஸ் பெயர் மூன்றாவது சரக்குக்கான பட்டியலில். அந்த ஜனவரியில் குளிர் மைனஸ் பதினெட்டு டிகிரி வரை போனது. துறையில் ஏற்றாமல் நகரம் போகும் பேச்சுக்கே இடமில்லை. பேருந்தில் போனால் அன்றே திரும்ப முடியாது, அவர் இடுப்பும் அதற்கு ஒத்துழைக்காது. மூன்று வாரம் ஹெர்டிஸ் போகவில்லை. அடாப்டர் வந்து, அவர் போய்க் கதவைத் தட்டியபோது ஆர்ன்ஃபின் எழுந்து நின்று, மிக மரியாதையாக, என் மனைவி காலமாகிவிட்டாள், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். மனைவி வராததற்கு அவருடைய மனம் அப்படி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அழுதும் முடித்திருந்தது. ஹெர்டிஸ் இதைக் கடையில் மீன் கட்லெட் வாங்கும்போது யோருனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே யோருன் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். வயதானவர்கள் இருக்கிறார்கள், பழைய பிளக்கைத் திரும்பப் பொருத்த வழி உண்டா என்று. எய்லிஃபிடம் சொல்லவில்லை, நல்ல பதில் வந்தால் வியாழக்கிழமை சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தாள்.

பிப்ரவரி நடுவில் பதில் வந்தது. எழுதியது சில்யே என்ற பெண். பணிவான, குழம்பிய கடிதம். உங்கள் கோரிக்கை எங்களுக்கு வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் அகற்றுவதற்குச் சம்மதம் கொடுத்ததே உங்கள் சங்கம்தான். அக்டோபர் ஒன்பதாம் தேதியிட்ட உங்கள் கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

யோருன் அதைக் கவுண்டரில் நின்றபடியே படித்தாள். உறுப்பினர்கள் பழைய பிளக்கை உபயோகிப்பதை அநேகமாக நிறுத்திவிட்டார்கள். வருடக் கடைசி வரை அது எத்தனை முறை உபயோகமாகிறது என்று எண்ணிப் பாருங்கள். இருபது முறைக்குக் குறைவாக இருந்தால் அகற்றுவதில் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. கீழே தலைவர் எய்லிஃபின் கையெழுத்து. அதன் பக்கத்தில் செயலாளர் யோருனின் கையெழுத்து.

அது அவளுடைய கையெழுத்துதான். முதல் எழுத்தின் வால் பாதியில் மை தீர்ந்து வெறும் கீறலாகப் போயிருந்தது. அந்தப் பேனாவை அவளுக்கு நினைவிருந்தது. போன வருட ஆண்டறிக்கையில் போட்டது. யாரோ அதிலிருந்து எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். யாரோ என்றுதான் அவள் மனம் முதலில் சொன்னது. அப்போது மாக்னுஸ் வாத்தியார் வந்து நான்கு தபால்தலை கேட்டார். கொடுத்தாள், சரியாகச் சில்லறையும் கொடுத்தாள். அவர் போனபிறகு கவுண்டரின் கதவை இறக்கிவிட்டு, தன் வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போனாள்.

எய்லிஃப் ஒரு நீலக் காரின் முன்பாகத்தைத் திறந்துவைத்து, ஆரஞ்சு நிறக் கேபிள்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். பழைய சாக்கெட் கழற்றப்பட்டுப் பட்டறை மேசைமேல் கிடந்தது. அவள் காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தான். நான்கு வரிக்கு எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"இது எங்க கிடைச்சுது?"

"உனக்கு அதான் முதல்ல கேக்கத் தோணுதா?"

அவன் உட்கார்ந்தான். அவசரமில்லாமல், கூட்டத்தில் பேசும் அதே குரலில் எடுத்துச் சொன்னான். அந்தப் பிளக் எப்படியும் போகத்தான் போகிறது, இன்றில்லாவிட்டால் இரண்டு வருடத்தில். நாடு முழுக்க ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். தானாகப் போகும்வரை இந்த ஜனங்கள் ஒருவரும் அசையமாட்டார்கள். பிறகு அடாப்டரும் கிடைக்காமல், காரைக் கிடப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாங்குவதாக எழுதிக்கொடுத்தால்தான் ஏஜென்சி தருவேன் என்றது கம்பெனி. தேதியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன், அவ்வளவுதான்.

"யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு யோருன்? எல்லார் காரும் ஓடுதுல்ல?"

"ஹெர்டிஸ் மூணு வாரம் போகல."

"அது சரக்கு வரத் தாமதமானதால."

"வெந்நீர்ப் பையை மடியில வச்சுக்கிட்டு நாங்க ஓட்டினது? அது பேட்டரிக்காக இல்லையா?"

"பேட்டரிக்கும் நல்லதுதான். நான் பொய் சொல்லல."

"என் கையெழுத்து?"

அவன் கையிலிருந்த துணியை இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான்.

"உன்னக் கேட்டிருந்தா நீ போட்டிருக்கமாட்ட."

"அது தெரிஞ்சுதான் நீ கேக்கல."

"உன்ன விட்டா வேற யார் ஃபோன் பண்ணியிருந்தாலும் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டாங்க, தெரியுமா?" என்றான் அவன். அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னான். அதுதான் அவளை உடைத்தது. பதினேழு வீட்டுக்காரர்களையும் அவன் அவளுடைய குரலால் பிடித்திருக்கிறான். அவர்கள் நம்பியது அவளை. அவள் நம்பியது அவனை.

"அப்போ வியாழக்கிழமை?" என்று கேட்டாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "சே, அது வேற. இது வேற. நாலு வருஷமா வர்றேனே, அது இதுக்கா?"

அது உண்மையாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று அவளால் இனி எப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்? கிறிஸ்துமஸ் பரிசைக் கொடுக்கும்போது அவனுக்கு ஜனவரி தெரிந்திருந்தது. துறையில் அவன் கையை அவள் பிடித்துக்கொண்டபோதும் தெரிந்திருந்தது. வெளியே போய்க் காரின் பின்பக்கத்திலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து, கடிதத்தின்மேல் வைத்தாள். வேண்டாம் யோருன், இது இல்லாமல் நகரத்துக்கு எப்படிப் போவாய் என்று அவன் எழுந்தான். அவள் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தாள்.

மார்ச் மாத ஆண்டுக்கூட்டத்தில் அவள் கடிதத்தை வாசித்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் செய்தது தான்தான் என்பதையும், என்னென்ன சொன்னேன் என்பதையும் விடாமல் சொன்னாள். எய்லிஃப் மறுக்கவில்லை. செய்த முறை தவறு, கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். படகுக் கொட்டகையில் அவளிடம் அவன் அந்த மன்னிப்பைக் கேட்டிருக்கவில்லை.

இவனை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றே யோருன் நினைத்தாள். அதற்காக அவள் சந்தோஷப்படவில்லை, ஆனால் எதிர்பார்த்தாள். மாக்னுஸ் வாத்தியார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நடந்தது அசிங்கம், சந்தேகமே இல்லை. ஆனால் மாதத்துக்கொரு முறை அடாப்டருக்கு மென்பொருள் மாற்ற வேண்டியிருக்கிறது. அரைகுறையாகப் பிரித்துப்போட்ட கார்கள் இரண்டு இன்னும் அவன் கொட்டகையில் நிற்கின்றன. அதையெல்லாம் யார் பார்ப்பது? பலர் தலையாட்டினார்கள். வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்கலாம் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தரையைப் பார்த்தபடி, முதல் அடாப்டர் யாருக்குக் கிடைத்தது என்று நமக்குத் தெரியாதா என்றாள். யோருனுக்குக் காது வரை சூடேறியது.

கை தூக்கச் சொன்னார்கள். எய்லிஃபே தலைவராக நீடிக்கப் பதினோரு கைகள் எழுந்தன. பதினோராவது கை, மெதுவாக, முழங்கையைத் தாங்கிக்கொண்டு எழுந்தது. அது ஹெர்டிஸுடையது. யோருன் ராஜினாமாவை ஒரு வரியில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே ஹெர்டிஸ் வந்தார்.

"அப்படிப் பாக்காதடி. நாளைக்கு என் பெட்டி நின்னுபோச்சுன்னா யாரு சரிபண்ணுவா? நீயா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"எனக்கு அவன்மேல இருக்கற கோபம் உனக்குத் தெரியாது. ஆனா எனக்கு ஆர்ன்ஃபினைப் பாக்கணும். வேற எதுவும் வேணாம்." பிறகு கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "புதன்கிழமை நீ என் காரை ஓட்டு. என் கண்ணு சரியில்ல. உன் பேச்சக் கேட்டுத்தான் நான் அந்தக் குளிர்ல போனேன். அதுக்கு இது."

அப்படித்தான் யோருன் புதன்கிழமைகளில் கடையில் அரைநாள் விடுப்பு எடுத்து ஹெர்டிஸின் காரை ஓட்டத் தொடங்கினாள். அவளுடைய சொந்தக் கார் தீவுக்குள் மட்டும் ஓடியது. வியாழக்கிழமைகளில் சூப் வைப்பதை விட்டுவிட்டாள். எய்லிஃப் ஒருமுறை வந்து மணியடித்தான். அவள் சமையலறையில் அசையாமல் நின்றாள். அவன் போய்விட்டான்.

ஏப்ரல் மாதம், ஒரு புதன்கிழமை, திரும்பும் வழியில் நம்சோஸ் சார்ஜரில் பெட்டி மக்கர் பண்ணியது. பச்சை விளக்கு சிமிட்டும், அரை நிமிடத்தில் சிவப்பாகும், அணைந்துபோகும். யோருன் மூன்று முறை பிடுங்கிச் செருகினாள். வேறு சார்ஜரிலும் அதே கதை. மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் மெதுச் சார்ஜரில் போட்டால் ஐந்து மணி நேரம், கடைசி ஃபெரி போய்விடும். பரவாயில்லை, இங்கேயே எங்காவது தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்றாள் யோருன்.

ஹெர்டிஸ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தார். எண்ணை அழுத்தி, காது கேட்காதென்று ஒலிபெருக்கியையும் போட்டு, காரின் முன்பக்கத்து மூடிமேல் வைத்தார்.

"எய்லிஃப், உன் பெட்டி சாகுது," என்றார்.

அவன் என்ன நிற விளக்கு, எத்தனை முறை சிமிட்டியது என்றெல்லாம் விசாரித்தான். எரிச்சலே இல்லாத குரல். வியாழக்கிழமைகளில் குழாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரைக் கேட்கும் குரல். பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள் என்றான். யோருன் குனிந்து அழுத்திப் பிடித்தாள். இப்போது விடுங்கள், முதலில் சார்ஜர் பக்கம் செருகுங்கள், காரில் இன்னும் வேண்டாம். யோருன் செருகினாள். நீல விளக்கு வருகிறதா? ஹெர்டிஸ் யோருனைப் பார்த்தார், யோருன் தலையசைத்தாள். வருது என்றார் ஹெர்டிஸ். இப்போது காரில் செருகி, கேபிளின் கனத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், தொங்கினால் தொடர்பு விட்டுப்போகும். யோருன் இரண்டு கையாலும் தாங்கினாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன. காருக்குள் டக்கென்று சத்தம் கேட்டது. எண்கள் ஏறத் தொடங்கின.

"ஏறுது," என்றார் ஹெர்டிஸ்.

"நல்லது. நிறையும்வரை பக்கத்துலயே இருங்க." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஹெர்டிஸ், இதை நீங்க தனியா தூக்கியிருக்க முடியாது. யோருன் அங்க இருக்காளா?"

ஹெர்டிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். யோருன் கேபிளை விடாமல், தலையை இல்லை என்று அசைத்தாள்.

"இல்ல," என்றார் ஹெர்டிஸ். "இங்க யாரும் இல்ல." ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மழைக்காகக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். யோருன் கேபிளைத் தாங்கியபடி வெளியே நின்றாள்.